பின்மூடிக்குள் ஒரு சாட்சி

கண்ணு,

நூல் மில்லில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா வந்து சொன்னாள். போன வாரம் ஒரு சர்வோ மோட்டாரின் என்கோடரை மாற்றும்போது உன்னையும் கூட நிறுத்தினார்களாம். அன்று ராத்திரி தூக்கம் வராமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தாயாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரியப்பா நாற்பது வருடம் இந்த வேலையில் கிடந்தவன். 1976இல் கோரிமேட்டு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு, கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அன்றைக்கு மோட்டார் என்றால் ஒரு ஸ்டார்டர், ஒரு பெல்ட், அவ்வளவுதான். பிறகு சர்வோ வந்தது. டிரா ஃபிரேமில் ஸ்லைவர் என்கிற பஞ்சுத் திரியின் கனத்தைச் சீராக்க வந்தது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்துப் புதுத் தறிகளில் வந்தது. ஜவ்வரிசி பாக்கெட் போடும் மெஷினில் வந்தது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் தகடு மடிக்கிற மெஷினிலும் வந்தது. இந்த எல்லா இடத்திலும் நான் தப்பு செய்திருக்கிறேன். அவற்றைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

சர்வோ மோட்டாரின் பின்பக்கம், நான்கு திருகு போட்ட ஒரு சின்ன மூடிக்குள் என்கோடர் உட்கார்ந்திருக்கிறது. இந்த நொடியில் அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பேனலில் இருக்கும் டிரைவுக்குச் சொல்வது அது ஒன்றுதான். டிரைவுக்கு வேறு கண் கிடையாது. அந்தச் சாட்சியை நம்பி, எந்தக் காயிலுக்கு எவ்வளவு கரண்ட் என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை முடிவு செய்கிறது. அந்தச் சாட்சியை எடுத்துவிட்டு வேறொன்றை உட்கார வைக்கிற வேலை உன் கைக்கு வந்திருக்கிறது.

1. அலாரம் சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. திரையில் என்கோடர் கோளாறு என்று வந்தால், அந்த வழியில் எங்கோ சேதி நின்றுபோயிருக்கிறது என்றுதான் அர்த்தம். நான் இது புரியாமல் ஒரு சின்ன பாக்கெட் மெஷின்காரரைப் புது என்கோடர் வாங்க வைத்தேன். மனைவியின் செயினை அடகு வைத்து வாங்கி வந்தார். மாட்டினேன், அதே அலாரம். அப்புறம்தான் கேபிளை விரலால் நெருடிக்கொண்டே போனேன். மெஷினோடு சேர்ந்து ஓடுகிற கேபிள் சங்கிலியின் வளைவில் ஓர் இடம் மட்டும் தொளதொளவென்று இருந்தது. மேல் உறை நன்றாக இருக்க, உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தது. நீ முதலில் கனெக்டரைப் பார். கூலண்ட் இறங்கியிருக்கும், பின்களில் பச்சை பூத்திருக்கும். என்கோடருக்கு 5 வோல்ட் சப்ளை என்றால் அதைப் பேனலில் அளந்து திருப்திப்படாதே, மோட்டார் முனையில் அள. 4.75க்குக் கீழே இறங்கியிருந்தால் குறை கேபிளில்தான். பக்கத்தில் அதே மாடல் அச்சு இருந்தால் கேபிளை மாற்றிப்போட்டு, அலாரம் கூடவே நகர்கிறதா என்று பார். ஒன்று மட்டும், இந்தக் கனெக்டரைச் சப்ளை இருக்கும்போது பிடுங்கவும் வேண்டாம், சொருகவும் வேண்டாம். நல்ல என்கோடரையும் அது ஒரு நொடியில் கொன்றுவிடும்.

2. தெரியாது என்று சொல்லப் பழகு. எல்லா என்கோடரும் ஒன்றில்லை. சிலது துடிப்புகளை எண்ணிக் கொடுப்பதோடு சரி. சிலது கரண்ட் போய் வந்தாலும் தான் நின்ற இடத்தைச் சொல்லும். சிலது 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரியை நம்பிச் சுற்றுக் கணக்கை வைத்திருக்கும்; பேட்டரி வயரைக் கழற்றினால் அந்தக் கணக்கு அழிந்துபோகும். இன்னும் சிலது மோட்டாரின் விவரங்களையே தன் நினைவில் எழுதி வைத்திருக்கும். அவற்றை வெறுமனே மாற்றினால் டிரைவ் அந்த மோட்டாரை ஏற்றுக்கொள்ளாது. பெயர்ப்பலகையில் உள்ள எண்ணை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டு, அந்தக் கம்பெனிப் புத்தகத்தைத் திற. புத்தகம் இல்லையென்றால் வேலையை ஆரம்பிக்காதே. “பார்த்துக்கலாம்” என்ற ஒரு வார்த்தையால் நான் இழந்தவை அதிகம். “எனக்குத் தெரியல சார், நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்” என்று சொன்ன எந்த நாளிலும் எதையும் இழந்ததில்லை.

3. மின்வெட்டை நம்பி வேலை செய்யாதே. 2012 வாக்கில் நம் ஜில்லாவில் கரண்ட் இருந்த நேரத்தை விரல் விட்டு எண்ணலாம். நீ அப்போது சின்னப் பிள்ளை. மில்லெல்லாம் ஜெனரேட்டரில்தான் ஓடின. கரண்ட் போன இடைவெளியில் பேனலைத் திறந்து கை வைப்பது எங்களுக்கு வழக்கமாகிப்போனது. மெஷின் நிற்கிற நேரம் வீணாகாது அல்லவா? ஒரு நாள் நான் டெர்மினலில் கை வைத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, வெளியே ஜெனரேட்டர் உறுமுகிற சத்தம் கேட்டது. கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்துப் பேனலில் இருந்தவர் இழுக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் மறுபடியும் அவர் பேனல் பக்கம் வரவேயில்லை. காய்கறி வண்டி போட்டுக்கொண்டார். உன் சம்பளத்தில் முதலில் ஒரு பூட்டு வாங்கு. மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து உன் பூட்டைப் போடு. உன் பேர் எழுதிய அட்டையைத் தொங்கவிடு. சாவி உன் பாக்கெட்டில் இருக்கட்டும். ஷிப்ட் மாறினாலும், இன்சார்ஜ் கத்தினாலும், அந்தப் பூட்டை நீயே திறக்க வேண்டும். எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டேன் என்று யாராவது சொன்னால் அதைப் பூட்டுக்குச் சமமாக நினைக்காதே. அது மெஷினை நிறுத்தும், அவ்வளவுதான். பேனலுக்குள் சப்ளை இருந்துகொண்டேதான் இருக்கும்.

4. பூட்டிய பிறகு காத்திரு. டிரைவுக்குள் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. 230 வோல்ட் சிங்கிள் பேஸ் உள்ளே போனால் அவை 325 வோல்ட் வரை நிரம்பும். 415 வோல்ட் மூன்று பேஸ் என்றால் 580ஐத் தாண்டும். சப்ளையை நிறுத்திய பிறகும் அந்தச் சுமை உள்ளே இருக்கும். எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று டிரைவின் முகப்பிலேயே ஒட்டியிருப்பார்கள்: ஐந்து, பத்து, பதினைந்து என்று மாடலுக்கு மாடல் மாறும். சார்ஜ் விளக்கு அணைந்தால் மட்டும் போதாது. விளக்கும் பழுதாகும். மீட்டரை முதலில் உயிருள்ள ஒரு பாயிண்டில் வைத்து அது வேலை செய்கிறதா பார். பிறகு டிரைவின் டிசி பக்கம் ‘பி’, ‘என்’ என்ற இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் வை. மறுபடியும் உயிருள்ள பாயிண்டில் வைத்துப் பார். மூன்று தடவை அளப்பது கிழவனின் சடங்கு என்று உன்கூட இருக்கிறவர்கள் நினைக்கலாம். என் வலது ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் நீ அதைத் தடவித் தடவிப் பார்ப்பாய். அடுப்பில் சுட்டது என்று உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அது மூன்று நிமிடம் பொறுக்காததால் வந்தது.

இன்னொன்று. சர்வோ மோட்டாரின் ரோட்டரில் நிலைக்காந்தம் இருக்கிறது. ஒயரைக் கழற்றி வைத்த பிறகும் அச்சைக் கையால் சுற்றினால் அதுவே ஜெனரேட்டராகிக் கரண்ட் கொடுக்கும். முனைகளை டேப் சுற்றி வை.

5. துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெஷினிடம் போகாதே. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவே, ஓடுகிற மெஷினைக் கவனிக்கிறவன் உடலோடு ஒட்டிய உடையைத்தான் போட வேண்டும், அதையும் முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. எங்கள் காலத்தில் லுங்கியோடு நின்றோம். அது தைரியம் என்று நினைத்தோம். மோதிரம், கைக்கயிறு, வாட்ச் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

6. செங்குத்தாக ஏறி இறங்கும் அச்சு என்றால் நான் இப்போது சொல்லப்போவதை இரண்டு தடவை படி. 2003இல் ஒரு தகட்டுப் பட்டறையில் மில்லிங் மெஷின். மேல் அச்சின் மோட்டாரைக் கழற்ற வேண்டும். சப்ளை ஆஃப், பூட்டு போட்டாயிற்று, டிசி இறங்கியாயிற்று. எல்லாம் சரியாகச் செய்தேன் என்ற நிம்மதியில் கப்ளிங் திருகைத் தளர்த்தினேன். கீழே ஹெல்பர் பையன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிரேக் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த பிரேக் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை. அது மோட்டாருக்குள்ளே, என்கோடருக்கு முன்னால் இருக்கிறது. மோட்டாரைப் பிரித்தால் பிரேக்கும் அதோடு வந்துவிடும். அப்புறம் அச்சைத் தாங்க ஒன்றுமே இல்லை. பால் ஸ்க்ரூவில் உரசல் மிகக் குறைவு. அந்த ஹெட் சத்தமே இல்லாமல் இறங்கியது.

பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. இப்போது அவனுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. பொங்கலுக்கு வீட்டுக்கு வருவான். உன் பெரியம்மா காபி கொடுத்தால் இடது கையில்தான் வாங்குவான். பெரியவர்கள் கொடுப்பதை இடது கையில் வாங்குகிறோமே என்று ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தில் ஒரு கூச்சம் ஓடும். அந்தக் கூச்சம் என்னால் வந்தது. அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

அச்சை அடிமட்டத்துக்கு இறக்கி வை. முடியாவிட்டால் நல்ல கனமான மரக்கட்டையைக் கீழே முட்டுக் கொடு. ஜாக் என்றால் இரண்டு போடு. கீழே யாரும் இல்லை என்று வாயால் கேட்டுப் பதில் வாங்கு. பிரேக்கைச் சோதிக்க 24 வோல்ட் கொடுப்பதும் முட்டு வைத்த பிறகுதான்.

7. ஃபிட்டரைக் கூட வைத்துக்கொள். மெக்கட்ரானிக்ஸ் என்ற பெயரை 1969இல் ஜப்பானில் யாஸ்காவா கம்பெனி இஞ்சினியர் டெட்சுரோ மோரி வைத்தார். மெக்கானிக்ஸையும் எலக்ட்ரானிக்ஸையும் ஒட்டிய சொல். நம் ஊர் மில்லில் இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். எலக்ட்ரீஷியன் வந்தால் ஃபிட்டர் டீக்குப் போய்விடுவார். முட்டு வை என்று என்னிடம் சொல்லக்கூடிய ஓர் ஆள், அந்த ஹெட் இறங்கிய அன்று டீக்கடையில் இருந்தார்.

8. கழற்றுவதற்கு முன் பார், குறி, எழுது. பின்மூடிக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே ஒரு கோடு போடு. மூடியைத் திறந்ததும் என்கோடர் உடம்புக்கு ஒரு கோடு, அச்சுக்கு ஒரு கோடு. உங்கள் கையில் போன் இருக்கிறது, நாலு பக்கமும் படம் எடு. ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாதே, பின் நம்பரோடு எழுது. ஷீல்டு எந்த முனையில் எப்படிப் பிடித்திருந்தது என்று எழுது. டிரைவில் உள்ள அளவுகள் அத்தனையையும் பிரதி எடு. கோணத் திருத்தம் என்று ஓர் எண் இருந்தால் அதைக் கையாலும் எழுது. பழைய என்கோடர் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருந்தால் அது சொல்கிற எண்ணும் வேண்டும். இதெல்லாம் அரை மணி நேர வேலை. அடுத்த நாள் விடியும்வரை தரையில் உட்கார்ந்து விழிக்காமல் இருக்க இந்த அரை மணி போதும்.

9. சுத்தியலைத் தொடாதே. என்கோடர் உட்காருகிற அச்சு முனை பல மோட்டார்களில் கூம்பாக இருக்கும். நடு போல்ட்டைக் கழற்றிய பிறகும் அது இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைத் தள்ளி எடுக்க ஒரு மரை வைத்திருப்பார்கள். சரியான அளவு போல்ட்டை அதில் ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் “டக்” என்று விட்டுவிடும். இல்லாவிட்டால் சின்ன புல்லர். நான் முதல் தடவை நைலான் சுத்தியல்தானே, மெதுவாகத்தானே என்று இரண்டு தட்டு தட்டினேன். எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே உப்புக் கல் உருள்கிற மாதிரி ஒரு சத்தம். கண்ணாடித் தட்டு பொடிப்பொடியாகிவிட்டது.

அந்தத் தட்டை ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்தாயானால் சுத்தியல் நினைப்பே வராது. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி வட்டம். விளிம்பில் சாம்பல் பூசிய மாதிரி ஒரு வளையம். அது பூச்சு இல்லை, கோடுகள். 2,500 கோடு இருக்கும் ஒரு சாதாரண தட்டில். ஒவ்வொரு கோடும் தலைமுடியைவிட மெல்லியது. ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் அதைப் பார்க்கும் கண். கோடு குறுக்கே வர வர வெளிச்சம் அணைந்து அணைந்து எரியும். இரண்டு கண்களைக் கொஞ்சம் தள்ளி வைத்து எண்ணுவதால் ஒரு சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை கிடைக்கிறது. இப்போது வருகிற 20 பிட் என்கோடர் ஒரு சுற்றை 10,48,576 துண்டாக்குகிறது. நம் விரல் ரேகை ஒன்று பதிந்தால் நூற்றுக்கணக்கான கோடுகள் மறைந்துபோகும்.

10. அதனால் கையைக் கழுவிவிட்டு வா. மில்லில் பஞ்சு பறக்கும், ஜவ்வரிசி ஆலையில் மாவு பறக்கும், தகட்டுப் பட்டறையில் இரும்புத் தூள். இந்த மூன்றும் என்கோடருக்கு விஷம். முடிந்தவரை மோட்டாரையே கழற்றி, மூடிய அறைக்கு எடுத்துப் போ. மேசையில் சுத்தமான துணி விரி. வேஸ்ட் பஞ்சு வேண்டாம், நூல் விடும். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொள். புது என்கோடரைப் பொருத்துகிற நிமிடம் வரை அதன் பையிலிருந்து எடுக்காதே. பழைய ஓரிங்கை மறுபடியும் போடாதே. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்து ஐம்பதாயிரத்தை நனைக்க வேண்டாம். ரோட்டரை வெளியே இழுத்துப் பார்க்கும் ஆசை உனக்கு வரும், எனக்கும் வந்தது. இழுக்காதே. அந்தக் காந்தம் விரலை நசுக்கும், இரும்புத் தூளை அள்ளிக்கொள்ளும்.

11. கோணம்தான் இந்த வேலையின் உயிர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எட்டு போல் உள்ள மோட்டாரில் அச்சு ஒரு டிகிரி நகர்ந்தால் மின்சாரக் கணக்கில் அது நான்கு டிகிரி. புது என்கோடரை நீ 15 டிகிரி தள்ளிப் பொருத்தினால் மின் கணக்கில் 60 டிகிரி பிசகு. மோட்டாரின் பலம் பாதியாகிவிடும். அதே வேலையைச் செய்ய டிரைவ் இரண்டு மடங்கு கரண்ட் கொடுக்கும். சூடு நான்கு மடங்கு. 22.5 டிகிரி தள்ளினால் மோட்டார் முனகுமே தவிர நகராது. அதையும் தாண்டினால் எதிர்த்திசையில் திரும்பும். டிரைவ் நிறுத்தப் பார்க்கும். நிறுத்தக் கொடுக்கும் கரண்டே அதை இன்னும் வேகமாக ஓட்டும்.

சில மோட்டார்களில் என்கோடர் ஒரே விதமாகத்தான் உட்காரும்படி காடி வெட்டியிருப்பார்கள். சில டிரைவ்கள் ரோட்டர் நிற்கும் இடத்தைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். அந்த வசதி இருந்தால் புத்தகத்தில் சொன்னபடி அதையே செய். இல்லாத இடத்தில், மோட்டாரை டிரைவிலிருந்து முழுக்கப் பிரித்து, இரண்டு காயில் முனைகளுக்கு பெஞ்ச் சப்ளையிலிருந்து மிகச் சின்ன டிசி கரண்ட் கொடுத்தால் ரோட்டர் “கடக்” என்று ஓர் இடத்தில் பூட்டிக்கொள்ளும். எட்டு போல் என்றால் அப்படி நான்கு இடங்கள். பழைய என்கோடரைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்து, அது சொல்லும் எண்ணைக் குறி. புதியதை மாட்டி, அதே முனைகளுக்கு அதே மாதிரி கரண்ட் கொடுத்து, அதே எண் வருகிற மாதிரி திருப்பி இறுக்கு. இறுக்கிய பிறகு மறுபடியும் பார். இறுக்கும்போதுதான் அது நகரும்.

நான் பார்க்கவில்லை. ஒரு மில்லில், ராத்திரி ஷிப்ட். காலை ஆறு மணிக்குள் மெஷின் ஓட வேண்டும் என்று நாலு பேர் தலைமேல் நிற்கிறார்கள். மாட்டினேன், ஓடியது. டிரைவில் கரண்ட் எவ்வளவு என்று பார்த்தேன். முன்னால் எழுதி வைத்திருந்ததைவிட ஒன்றரை மடங்கு. மெஷின் ஓடுகிறதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். லாக் புத்தகத்தில் “சரி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வார்த்தை எழுதும்போது எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்துக் காயில் எரிந்துவிட்டது. அந்த மோட்டாருக்கு ஆறு மாதம் முன்புதான் டவுனில் ஓர் அண்ணன் காயில் கட்டிக் கொடுத்திருந்தார். பழி அவர் மேல் போனது. அவர் வந்து எரிந்த காயிலை எடுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போய்த் தன் செலவில் மறுபடியும் கட்டிக் கொடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். என் நாக்கு எழவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவர் கடைக்குப் போய்ச் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த காயிலை நிறுத்தாமல் கேட்டார்: “எத்தனை டிகிரி?” பன்னிரண்டு இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்ட மாதிரி இருந்தார். “அவ்வளவுதான் தாங்கும்” என்றார். பணத்தை எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. அதற்கப்புறம் நான் இருந்த மில்லிலிருந்து அவர் ஒரு மோட்டாரும் எடுக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

கண்ணு, எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்பதை அப்படியே எழுது. நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் அந்த எண்ணை எழுது. “சரி” என்று எழுதாதே.

12. முதல் ஓட்டம் பெஞ்சில்தான். மோட்டாரை மெஷினோடு கோக்காமல் பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்கு. அச்சில் உள்ள சாவிக்கட்டையைக் கழற்றிவிடு. கழற்றாமல் ஓட்டிய ஒரு நாள், கோணம் தப்பிய மோட்டார் எகிறிய எகிறலில் அந்தச் சாவிக்கட்டை பறந்து, எனக்கு ஒரு முழம் தள்ளி மரக்கதவில் பாதி இறங்கி நின்றது. டிரைவில் டார்க்கை மிகக் குறைவாகக் கட்டு, வேகத்தைக் குறைவாக வை. ஒரு ஆள் கை எமர்ஜென்சி பட்டன் மேலேயே இருக்கட்டும். அவனுக்கு அது ஒன்றுதான் வேலை. முதலில் ஓட்டாமல் அச்சைக் கையால் ஒரு சுற்று சுற்றி, திரையில் எண் சரியான திசையில், சரியான அளவு நகர்கிறதா பார். பிறகு ஜாக் (jog) பட்டனை விட்டுவிட்டு அமுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டு. இரண்டு திசையிலும் ஓட்டு. ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் திணறியும் ஓடினால் நிறுத்திவிட்டுக் கோணத்துக்குத் திரும்பு. நன்றாக ஓடினால் அரை மணி விட்டு, மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார். கை தாங்குகிற சூடு எது, தாங்காத சூடு எது என்று உன் கைக்கே கொஞ்ச நாளில் தெரிந்துவிடும்.

13. மெஷினில் மாட்டிய பிறகு ஹோமிங் புதிதாக எடுக்க வேண்டும். பழைய பூஜ்யம் போய்விட்டது, வேறு இடத்தில் நிற்கிறது. ஆபரேட்டருக்கு இதை நேரில் சொல். பழைய புரோகிராமை அப்படியே ஓட்டினால் கருவி போய் மேசையில் இடிக்கும். அவர் உன்னைவிட வயதில் மூத்தவராக இருந்தால், “அண்ணா, முதல் பீஸ் மட்டும் மெதுவாப் போடுங்க, நான் கூட நிக்கறேன்” என்று சொல். சொன்ன மாதிரி நில்.

14. உன் பூட்டை எடு. கருவிகளை எண்ணு. எட்டு ஆலன் கீ கொண்டு போனால் எட்டும் திரும்ப வர வேண்டும். ஒன்று குறைந்தால் மெஷினை ஓட்டாதே, தேடு.

பழைய என்கோடரைக் குப்பையில் போடாதே. என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் நான் மாற்றிய என்கோடர்கள் பதினாறு. கூலண்ட் குடித்தது, பேரிங் போனது, நான் அடித்து உடைத்தது, ஒரு கோளாறும் இல்லாமல் என் அவசரத்தால் வெளியே வந்தது. ஒவ்வொன்றிலும் தேதியும் காரணமும் எழுதி ஒட்டியிருக்கிறேன். கோளாறே இல்லாதவை நான்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

வரும்போது உன் மீட்டரையும் எடுத்து வா. போன தடவை நீ வைத்துவிட்டுப் போன நேரத்தில் பார்த்தேன். கறுப்பு லீடில் புரோப்புக்குப் பக்கத்தில் உறை வெடித்திருக்கிறது. கேட் III, 600 வோல்ட் என்று போட்ட லீடாகக் கேட்டு வாங்கு. அதுவரை பேனல் பக்கம் போகாதே.